நாகம் என்று நான் எழுதியது

என் தம்பி ‘சிங்க்’ என்றுதான் எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு ‘நாகம்’ என்று மாற்றியவள் நான்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் பாதி தெரியும். மொழிபெயர்ப்பில் நடந்த பிழை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் கேட்பவர்கள் உடனே காரியாலயங்களைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு அனுபவம் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் மாறியது, காணி உறுதியில் ஊர் மாறியது. இடைவேளை முடிந்து மணி அடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மிச்சப் பாதியை நான் சொல்வதில்லை.

நான் விஞ்ஞான ஆசிரியை. கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாகப் படிப்பிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் சிங்க் என்கிற உலோகத்துக்கு நாகம் என்று பெயர். இந்தியாவில் துத்தநாகம் என்பார்கள். முன்பாதியை நாங்கள் எப்போது விட்டோம், ஏன் விட்டோம் என்று எனக்குத் தெரியாது. வாளி, கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் உள்ளே இரும்பு. துருப்பிடிக்காமல் இருக்க மேலே நாகம் பூசியிருக்கும். டோர்ச் பற்றரியின் கூடு நாகம். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் கொடுக்கிற குளிசையிலும் நாகம் இருக்கிறது. அந்தப் பாடத்தைத் தொடங்குகிற நாளில், ஒவ்வொரு வருஷமும், பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை “டீச்சர், பாம்பா?” என்று கேட்கும். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். “பாம்பு இல்ல, உலோகம்” என்று சொல்லிக் கரும்பலகையில் குறியீட்டை எழுதுவேன். இருபத்தைந்து வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டும் எனக்கு அது வெறும் பகிடியாகத்தான் பட்டது.

தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். அம்மா இறந்துபோனபோது அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். அப்பா மாநகர சபையில் வேலை செய்தார். விடிய முன்னமே போய்விடுவார். ஆகவே அவனுக்குத் தலை சீவிவிட்டதும், வீட்டுப்பாடம் பார்த்ததும், பல் வலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டான். மூன்றாம் முறை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெல்டிங் பழகப் போனான். நான் ஒரு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. படித்தவள் வீட்டில் வெல்டிங்காரனா என்று எனக்குக் கோபம். அந்தக் கோபம் முழுதாக என்னைவிட்டுப் போகவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வேலையில் அவன் கெட்டிக்காரன். கடுகண்ணாவையில் மெயின் ரோட்டோரம் ஒரு பட்டறையில் இருந்தான். கேட், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் டேங்குக் குழாய் வேலைகள். முதலாளி சிங்களவர். மோசமான மனுஷன் என்று சொல்ல முடியாது. தம்பியின் கல்யாணத்துக்கு மனைவியோடு வந்து, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். குழந்தை பிறந்தபோது தொட்டில் அவரே செய்து கொடுத்தார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், மலைச் சரிவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதியில் பட்டறைக்கு வேலை கிடைத்தது. நிலத்துக்கு அடியில் பெரிய கொங்கிரீட் டேங்க். ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு மேலே ஒரு வாய். உள்ளே இறங்கி, சிங்க் பூசிய குழாய்களை வெல்ட் பண்ண வேண்டும். சரியாகச் செய்வதென்றால் ஒட்டுகிற இடத்தில் அந்தப் பூச்சை உரசி எடுக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு ஃபேன் வைக்க வேண்டும். உரசிக்கொண்டிருக்க நேரமில்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க டேங்கின் வாயைப் பாதி தறப்பாளால் மூடியிருந்தார்கள்.

முதல் நாள் பின்னேரம் தம்பி குளிர்காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தான். வாயெல்லாம் இனிக்கிறது என்றானாம். வெல்டிங்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சிங்க் காய்ச்சல் என்பார்கள்; பாலைக் குடித்துவிட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்பார்கள். அவனும் குடித்துவிட்டுப் படுத்தான். காலையில் சரியாகிவிட்டது. மறுபடி போனான். மூன்றாம் நாள் மத்தியானம் இருமல் பிடித்தது. மேலே ஏற முடியாமல் கயிறு கட்டித் தூக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்ததாம். பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வார்டில் ஐந்து வாரம் இருந்தான். டொக்டர்மார் அவனைப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் நுரையீரல் பழைய நிலைக்கு வரவில்லை. என் வீட்டுக்கு ஏற பதினாறு படி. அதில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறுவான். பேசும்போது வசனத்தின் நடுவில் நின்று மூச்சு எடுப்பான். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மகளுக்கு நாலு வயது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார். பழமும் பால்மா டின்னும் கொண்டுவந்தார். வார்டுக்கு வெளியே வைத்து என்னிடம், “இவன் முந்தியே சிகரட் குடிப்பான், மூச்சு இழுப்பும் இருந்தது, உங்களுக்குத் தெரியும்தானே” என்றார். தம்பிக்கு இழுப்பு இருந்ததே இல்லை. அவர் சொன்ன விதத்திலேயே இனி என்ன நடக்கும் என்று விளங்கிவிட்டது.

வேலையிடத்தில் நோய், காயம் வந்தவர்கள் முறைப்பாடு கொடுக்கிற காரியாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டும்; அவர்கள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரித் துண்டில் நுரையீரலில் அழற்சி என்று எழுதியிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில், நோயாளி சொன்னபடி, வேலையிடத்தில் புகை என்று ஒரு வரி. என்ன புகை, எத்தனை நாள், எங்கே என்பதெல்லாம் தம்பி தானே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

“காசு தந்தா நல்லதுதான். தராட்டியும் பரவால்லக்கா. எனக்கு இப்புடி ஆனது அங்கதான்னு அவரு ஒத்துக்கிட்டா போதும்” என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொப்பித் தாளில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் சாப்பாட்டு மேசையில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் சிவப்புப் பேனை இருந்தது. அவனுடைய தாளை வாங்கியபோதும் அதைக் கீழே வைக்கவில்லை.

அவன் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான். டேங்குக்குள்ள எறங்கி வெல்டிங் பண்ணும்போது பைப்புல உள்ள சிங்க் எரிஞ்சு பொகை வந்தது, மூணு நாள் அந்தப் பொகைய குடிச்சேன் என்று. இப்போது யோசித்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. டேங்க்கை அடித்துத் தாங்கி என்று எழுதினேன். பைப் குழாய் ஆனது. வெல்டிங் உருக்கி ஒட்டுதல் ஆனது. சிங்க் நாகம் ஆனது. எல்லாவற்றையும் புதுத் தாளில் என் கையெழுத்தில் எழுதினேன்: ‘குழாய்களின் மேல் பூசப்பட்டிருந்த நாகம், உருக்கி ஒட்டும்போது எரிந்து புகையாகியது. மூடிய தாங்கியினுள் அந்த நாகப் புகையை நான் மூன்று நாட்கள் சுவாசித்தேன்.’

தம்பி வாசித்துப் பார்த்தான்.

“அக்கா, இது யாருக்கு வெளங்கப் போவுது?”

“படிச்சவங்களுக்கு வெளங்கும்.”

அவன் தாளை மேசையில் வைத்தான். “சிங்களத்துலயே எழுதிக் குடுத்துறலாமே. அங்க எல்லாரும் சிங்களம்தானே. நான் சொல்றேன், பக்கத்து வீட்டுத் தம்பி எழுதித் தருவான்” என்றான்.

தம்பி சிங்களம் தண்ணீராகப் பேசுவான். கண்டியில் பிறந்து பட்டறையில் வளர்ந்தவன். நான்தான் விடவில்லை. “தமிழ்ல குடுக்க நமக்கு உரிமை இருக்கு. நாமளே குடுக்காட்டி அப்பறம் எப்புடி? மொழிபெயர்க்கிறது அவங்க வேலை” என்றேன். சொன்னது சட்டப்படி சரி. இப்போது யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த உரிமைக்காக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியவன் நானில்லை, அவன். அது அன்றைக்கு என் நினைவில் வரவில்லை.

அவன் கையெழுத்து வைத்தான்.

ஐந்து மாதம் கழித்து விசாரணைக்குக் கடிதம் வந்தது. நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். காரியாலயம் பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. தம்பி மூன்று இடத்தில் நின்று ஏறினான். உள்ளே சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி என்னைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் சிரிக்க, பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். நான் நல்ல சகுனம் என்று நினைத்தேன். முதலாளியும் தம்பியும் ஏதோ பழைய பேச்சைப் பேசிச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறக்க முடியவில்லை.

கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்க்காமல் படியைப் பார்த்து நடந்தான். நான் பின்னால் ஓடினேன்.

“என்னாச்சுடா? முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு. வாங்க போவோம்.”

“என்னா சொன்னாங்க?”

“பாம்பு எங்கன்னு கேட்டாங்க.”

நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. கொஞ்சம் அவனிடமிருந்து, மிச்சம் பிறகு அந்தக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளையிடமிருந்து. விசாரணை அதிகாரியின் கையில் இருந்தது என்னுடைய கடிதத்தின் சிங்கள மொழிபெயர்ப்பு. அவர் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். குழாய்களின் மேல் சுற்றியிருந்த நயா ஒன்று நெருப்பில் எரிந்து புகையானது. மூடிய தொட்டிக்குள் அந்த நயாவின் புகையை மூன்று நாள் சுவாசித்தேன். நயா என்றால் சிங்களத்தில் நல்லபாம்பு. வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலாளியைப் பார்த்து, “நயா எங்கே மஹத்தயா?”, பாம்பு எங்கே ஐயா, என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் சிரிப்பு.

முதலாளி சிரித்தாரா என்று தம்பியிடம் கேட்டேன். “அவருதான் கடைசியா நிறுத்துனாரு” என்றான்.

தம்பி எழுந்து, பாம்பு இல்லை, சிங்க், குழாயில் பூசுகிற சிங்க் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். அவசரத்தில் மூச்சு முட்டி இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும்வரை அதிகாரி பொறுத்திருந்தார். பிறகு, நீர் கையெழுத்து வைத்த கடிதத்தில் ஒன்று இருக்கிறது, வாயால் இன்னொன்று சொல்கிறீர், நான் எதை எழுதிக்கொள்வது என்று கேட்டார். அது முறையான கேள்விதான். அவர் தமிழ் தெரியாதவர். கையில் இருந்த தாளைத்தான் நம்ப முடியும். அப்போது முதலாளி, டேங்குக்குள் பாம்பைக் கண்டு பயந்திருப்பான் சேர், அதற்கு நான் என்ன செய்ய என்றார். மறுபடி சிரிப்பு.

தம்பி அதற்குமேல் நிற்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டான். முறைப்பாட்டுக்காரர் விசாரணையின் நடுவில் தானாக வெளியேறினார் என்று எழுதி, கோப்பை மூடினார்கள்.

அடுத்த வாரம் நான் பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். நாகம், குறியீடு, அணு எண் எல்லாம் இருக்கிற பக்கம். மொழிபெயர்த்தது யார் என்று கேட்டேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். மூலை மேசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி வந்தது. இருபத்தாறு வயதிருக்கும். சிங்களப் பிள்ளை. வேலையில் சேர்ந்தபின் தமிழ் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறாள். அந்தக் காரியாலயத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நான் பக்கத்தைக் காட்டினேன். அவள் வாசித்தாள். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. நாகம் என்ற சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“நான் அகராதி பார்த்தேன் மிஸ். நாகம் என்றால் நல்லபாம்பு என்று இருந்தது. வேறு ஒன்றும் இருக்கவில்லை.”

“நான் பூசப்பட்டிருந்த நாகம்னு எழுதினேன். பாம்பை யாராவது குழாய்ல பூசுவாங்களா?”

“அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பாம்பைப் பூச முடியாது. அதனால் எழுதியவர் பிழையாக எழுதிவிட்டார் என்று நினைத்து, சுற்றியிருந்த என்று நான் திருத்தினேன்.”

அந்தப் பிள்ளை அழத் தொடங்கினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எல்லோரும் சிங்களத்தில்தான் கொடுக்கிறார்கள் மிஸ். தமிழில் ஒரு கடிதம் வந்தது என்று நான் சந்தோஷமாகச் செய்தேன். இரண்டு நாள் செய்தேன்” என்றாள். சிங்க் என்று இருந்தால் உங்களுக்கு விளங்கியிருக்குமா என்று கேட்டேன். “சிங்க் தெரியும்தானே மிஸ். சிங்களத்திலும் சிங்க்தானே.”

திட்டுவதற்கு அந்தக் கட்டடத்தில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதிகாரி அன்று லீவு. பிறகு இரண்டு முறை போனேன். கோப்பு மூடிவிட்டது, வேண்டுமானால் முறைப்பாட்டுக்காரர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அவர் நல்ல மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பிள்ளை என்னைப் படிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, புது விண்ணப்பத்தைத் தானே சரியாக எழுதித் தருவதாகச் சொன்னாள்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவ போயிப் பாப்போம்டா. இந்தத் தடவ நானும் உள்ள வாறேன்னு கேக்குறேன்.”

“அந்த ரூமுக்கு நான் போவமாட்டேன்க்கா.”

“அப்ப அந்த ஆள் செஞ்சது சரின்னு ஆயிருமே.”

“ஆகட்டும்.”

இதற்குள் கதை கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. முதலாளி பட்டறையில் சொல்லியிருப்பார். பொடியன்கள் ஓட்டோ ஸ்டாண்டில் சொல்லியிருப்பார்கள். தம்பி கடைக்கு இறங்கினால் யாராவது ஒருவன் “நயா வருது, வழி விடு” என்பான். முதலில் தெரிந்தவர்கள், பிறகு யாரென்று தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதில் பெரிய பகை ஒன்றும் இருக்கவில்லை. கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரத்தம் கொடுக்க வந்தவர்கள். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான். பதினெட்டு வருஷம் அந்தச் சந்தியில் அவனுக்குப் பெயர் ‘பாஸ்’ என்று இருந்தது. வேலை தெரிந்தவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது ஒரு மாதத்தில் போய்விட்டது. அவன் கடைக்குப் போவதை நிறுத்தினான்.

இன்னொரு பக்கம் தம்பி மனைவியின் அம்மா. அந்த அம்மாவுக்கு இது பிழையாகவே படவில்லை. கவர்மெண்டுக் கடிதத்திலேயே நாகம் என்று வந்துவிட்டது, தோஷம் இருக்கிறபடியால்தான் வந்தது என்று பிடித்துக்கொண்டார். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பார்த்தவரும் ஆமாம் நாகதோஷம்தான் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் நாகக் கல்லுக்குப் பால் ஊற்ற வேண்டும், ஒன்பது வாரம், சம்பந்தப்பட்டவரே வர வேண்டும். மூச்சு விட முடியாத மனுஷனை மழையில் ஈர வேட்டியோடு ஒன்பது வெள்ளிக்கிழமை பிரகாரம் சுற்ற வைத்தார்கள். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

“அது பாம்பு இல்ல, உலோகம். குழாய்ல பூசுறது. இவனுக்குத் தோஷம் ஒண்ணும் இல்ல, நுரையீரல்தான் கெட்டிருக்கு. நனைய வச்சீங்கன்னா செத்துப்போவான்” என்றேன்.

தம்பி மனைவி அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“பாம்புன்னு எழுதுனது எங்கம்மா இல்லையே மதினி. நீங்கதானே எழுதுனீங்க.”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று அவன் சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்று தேத்தண்ணி ஊற்றியும் குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களையெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்தேன். நாகம் என்பது பாடநூல் சொல். அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த சொல். அரசாங்கம் கொடுத்த சொல்லை அரசாங்கத்துக்கே எழுதினேன், அதற்கு விளங்கவில்லை என்றால் அது என் பிழையா? ஒவ்வொன்றும் சரியான பதில்தான். பேராதனைச் சந்தியைத் தாண்டுவதற்குள் ஒன்றுகூட எனக்கே உதவாது என்று தெரிந்துவிட்டது. எழுதும்போது அந்த அதிகாரியை நினைத்து எழுதியிருந்தால் அவருக்கு விளங்குகிற சொல்லைப் போட்டிருப்பேன். தம்பியை நினைத்திருந்தால் அவன் சொல்லையே விட்டிருப்பேன். நான் எழுதியது என்னை நினைத்து. தமிழில் விஞ்ஞானம் தெரிந்த ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்று அந்தக் காரியாலயத்துக்குக் காட்ட.

பால் ஊற்றியும் ஊற்றாமலும் தம்பியின் நெஞ்சு அப்படியே இருந்தது. அந்த மழைக்கால முடிவில் ஒரு தடவை சளி கட்டி மறுபடி வார்டில் இருந்தான். கடுகண்ணாவைக் குளிரும் பனியும் ஒத்துக்கொள்ளாது, சூடான இடத்துக்குப் போவது நல்லது என்று டொக்டர் சொன்னார். அவன் மனைவிக்குக் கலகெதரயில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குக் கொடுத்தார்கள். வெல்டிங் பிளாண்டை விற்றான். முகமூடியையும் கையுறையையும் பழைய பட்டறைப் பொடியன் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போனானாம். இப்போது தம்பி கடை முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு, ஆட்களின் ஃபோனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போடுகிறான். உட்கார்ந்து செய்கிற வேலை. அங்கே யாருக்கும் அவனை முன்பின் தெரியாது. அதுவே அவனுக்கு மருந்து மாதிரி என்று மனைவி சொன்னாள். அவள் என்னோடு பேசுகிறாள். மதினி என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் முந்தி மாதிரி, இதைக் கொஞ்சம் பாருங்க மதினி என்று எந்தக் கடிதத்தையும் என் பக்கம் நீட்டுவதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருநாகல் பஸ்ஸில் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவேன். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் போனபோது தம்பி தனியாக இருந்தான். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய நேரம். நான் அதற்காகத்தான் போயிருந்தேன். எங்கள் பள்ளிக்கூட விண்ணப்பப் படிவத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பிள்ளை என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

“ஃபோம் போட்டாச்சுக்கா” என்றான்.

“எங்க?”

“இங்க ரோட்டுல உள்ள ஸ்கூலுக்கு. சிங்கள மீடியம்.”

ஒரு ஆள் ரீலோட் போட வந்தான். தம்பி நம்பரை அடித்து, சில்லறை கொடுத்து அனுப்பினான். மூச்சு எடுத்துக்கொண்டான்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டா நீங்க வேணாம்னுவீங்க.”

“ஆமா, வேணாம்னுதான் சொல்லுவேன். வீட்ல தமிழ் பேசுற புள்ளைய எதுக்குடா—”

“அவ ஒரு நாளைக்கு எங்கயாச்சும் போயி நின்னு பேசணும்னா, முன்னுக்கு உள்ளவனுக்கு வெளங்கணும்க்கா. அம்புட்டுத்தான்.”

இந்த இடத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மற்றவர்களுக்கு நான் எத்தனையோ மேடையில் சொன்னவைதான். பெற்றோர் கூட்டத்தில் எத்தனை தகப்பன்மாரை இதே விஷயத்தில் மறித்துத் திருப்பியிருக்கிறேன். ஒன்றையும் சொல்லவில்லை. அதற்குப் பதில், ஒன்றரை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“என்மேல கோவமாடா?”

அவன் மேசையில் கிடந்த ரசீதுத் துண்டுகளை ஒழுங்காக அடுக்கினான்.

“கோவமெல்லாம் இல்லக்கா. நீங்க இல்லாட்டி நான் ஏது? ஆனா இனிமே எனக்காக ஒண்ணும் எழுதாதீங்க.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கடுமையாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். கடுமையாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சத்தம் போட்டிருப்போம். சின்ன வயதில் மாதிரி அதோடு முடிந்திருக்கும். கொண்டுபோன படிவத்தைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இந்த வருஷம் தொடங்கி மூன்று மாதமாகிறது. போன ஞாயிறு போனேன். மருமகள் புதுக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். அட்டையில் அவளுடைய பெயர் சிங்கள எழுத்தில், உருண்டை உருண்டையாக, அழகாக இருந்தது. டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார். வாசித்துக் காட்டட்டுமா அத்தை என்று கேட்டாள். வாசி என்றேன். மரம், பூ, பூனை என்று விரல் வைத்து வாசித்தாள். ஒரு சொல்லில் தடுமாறினாள். எனக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியும், சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவள் தகப்பனைப் பார்த்தாள். அவன் அங்கிருந்தே சொல்லிக் கொடுத்தான். அவள் மீதியை வாசித்து முடித்தாள்.

“நல்லா வாசிக்கிற” என்றேன்.

தம்பி மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழும்பினேன். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்ததில் உட்கார இடம் கிடைக்காது.